தறி நாடா குத்தி இறந்தவளின் கோயில்: கோபேயில் நான்கு நாள்

பிப்ரவரி 1, இரவு

மகள் ஜப்பானில், ஒசாகாவில் வேலை பார்க்கிறாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவளைப் பார்க்க வந்து ஒரு வாரம் ஆகிறது. ஒசாகாவின் கூட்டம் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "கடல் இருக்கற ஊருக்குப் போலாங்கண்ணு, கொஞ்சம் மூச்சு விடலாம்" என்றார். அரை மணி நேர ரயில் தூரத்தில் கோபே. நான்கு நாள் இருப்பது என்று இன்று கிளம்பி வந்துவிட்டோம்.

அம்மாவுக்கு வயது 71. சென்னிமலையில் தறிக்கார வீட்டில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்னும், அதற்குப் பின் சில வருடங்களும் பெட்ஷீட் தறி ஓட்டியவர். கறி மீன் விட்டுப் பத்து வருடம் ஆகிறது. இரண்டையும் சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் காது மடல் எரிந்தது. ஊருக்கு வடக்கே ரொக்கோ மலை, தெற்கே கடல், நடுவில் துண்டு விரித்த மாதிரி நீளமாக ஊர். மலையிலிருந்து இறங்கும் இந்தக் குளிர்காற்றுக்கு ரொக்கோ ஒரோஷி என்று தனிப் பெயரே உண்டு. விடுதிப் பெண் வழி சொன்னபோது வடக்கு, தெற்கு என்று சொல்லவில்லை. மலைப்பக்கம், கடல்பக்கம் என்றாள். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். அம்மாவுக்கு அது உடனே பிடித்துப்போனது. அதன் பிறகு நான்தான் தடுமாறினேன், அம்மா "மலைப்பக்கம் திரும்பு" என்று சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இரவு ஓர் உடோன் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தோம். மீன் வேண்டாம் என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். கடைக்காரர் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போனார், திரும்பி வந்து தன் போனில் தட்டிக் காட்டினார்: "மேலே மீன் போட மாட்டேன். ஆனால் சாறே மீனில் எடுத்தது. சொல்லாமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை." கடையைப் பாதியில் விட்டுவிட்டு, மழைத் தூறலில் குடையோடு எங்களை நான்கு கடை தள்ளி ஓர் ஒனிகிரி கடை வரை கொண்டுவந்து விட்டார். எங்களால் அவருக்கு ஒரு யென் வியாபாரம் இல்லை. 150 யென்னுக்கு ஒரு சோற்று உருண்டை, நடுவில் உமெபோஷி என்ற உப்பில் ஊறிய பழம். அம்மா ஒரு கடி கடித்துக் கண்ணை இடுக்கிக்கொண்டார். "நம்ம நார்த்தங்கா ஊறுகா மாதிரியே இருக்குது." மூன்று உருண்டை சாப்பிட்டார்.

பிப்ரவரி 2

காலையில் மகள் விடுப்புப் போட்டு வந்து சேர்ந்தாள். அவள் இருந்ததால்தான் இன்று எங்களுக்கு எல்லாம் புரிந்தது.

இக்குத்தா கோயில் சன்னோமியா ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடைகூட இல்லை. வழி முழுக்கச் சாப்பாட்டுக் கடைகளும் மதுக்கடைகளும். கோயிலின் கிழக்கு வாசல் தெரு வளைந்து போகிறது. 1868இல் துறைமுகம் திறந்து வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறியபோது இங்கே குதிரைப் பந்தயத் திடல் போட்டார்களாம், அந்தத் திடலின் வளைவுதான் இன்றைக்கும் தெருவின் வளைவு. இதற்கெல்லாம் நடுவில் திடீரென்று ஒரு தோரி வாசல், அதைத் தாண்டினால் குங்கும நிறத்தில் கோயில்.

வாசலிலேயே அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். இங்கே முற்றத்தில் யாரும் கழற்றுவதில்லை. நான் சொல்லியும் கேட்கவில்லை. ஐந்து டிகிரி குளிரில் சரளைக்கல் மேல் காலுறையோடு நடந்தவரைப் பார்த்து, அம்மா வயதே இருக்கும் ஒரு பாட்டி ஓடி வந்தார். கீழே குனிந்து அந்தச் செருப்பை இரண்டு கையாலும் எடுத்து அம்மாவின் காலருகே வைத்தார். பிறகு தன் முழங்காலைத் தட்டிக் காட்டித் தலையை ஆட்டினார். குளிர் முழங்காலுக்கு ஆகாது என்கிறார். அம்மா பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தன் செருப்பை இன்னொருத்தர் கையால் தொட்டுவிட்டாரே என்று மத்தியானம் வரை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

தொட்டியில் கை கழுவி, வாய் கொப்பளித்து, ஐந்து யென் காசைப் பெட்டியில் போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். ஐந்து யென்னுக்கு ஜப்பானிய உச்சரிப்பு கோஎன். பந்தம், தொடர்பு என்ற சொல்லும் அதே ஒலி. அதனால்தான் அந்தக் காசு. இங்கே வருகிறவர்களில் பாதிக்கு மேல் இளம்பெண்கள். நல்ல துணை அமைய வேண்டிக்கொள்ளும் கோயில் இது.

உள்ளே சிலை எதுவும் தெரியவில்லை. "சாமி யாரு?" என்றார் அம்மா.

வாகாஹிருமே என்ற பெண் தெய்வம். பழைய நூலான நிஹோன் ஷோகியில் அவள் கதை இரண்டு வரியில் வருகிறது. தேவர்களின் உடை நெய்யும் கூடத்தில் தறியில் உட்கார்ந்திருக்கிறாள். அடங்காத தேவன் சுசானோ, தோலுரித்த குதிரையைக் கூரையைப் பிளந்து உள்ளே வீசுகிறான். அவள் திடுக்கிட்டுத் தறியிலிருந்து விழுகிறாள். கையிலிருந்த நாடா, ஊடை நூலைக் கொண்டு ஓடும் அந்தக் கட்டை, உடம்பில் குத்தி இறந்துபோகிறாள்.

மகள் "ஷட்டில்" என்றுதான் சொன்னாள். நான்தான் "நாடாம்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வலது கையை லேசாக இழுத்து, நாடாவை ஓட்டுகிற மாதிரி காற்றில் ஒருமுறை ஆட்டினார். ஐம்பது வருடம் ஆகியும் அந்தக் கை மறக்கவில்லை.

"இரும்பு மூக்கு வெச்ச நாடா எகிறி வந்து பட்டா எலும்பு வரைக்கும் போகும். எங்க வீட்டுலயே எங்க சின்னம்மாவுக்குக் கன்னத்துல தழும்பு இருந்துச்சு. பாவம், வேல செஞ்சுக்கிட்டு இருந்த புள்ளைய." பிறகு மகளிடம் சொன்னார்: "அப்படிச் செத்தவளத்தான் சாமின்னு கும்புடுவாங்க கண்ணு. நம்ம பக்கமும் அப்படித்தான்."

அதன் பிறகு அம்மாவுக்கு இது வேற்று நாட்டுக் கோயிலாக இல்லை. மறுபடி போய், கை தட்டாமல், நம் முறையில் கைகூப்பிக் கும்பிட்டார். துணை சேர்த்துவைக்கும் தெய்வமானதற்கும் காரணம் அந்தத் தறிதான், இழைகளைச் சேர்த்து நெய்தவள் மனிதர்களையும் சேர்ப்பாள் என்று நம்புகிறார்கள்.

அவள் இங்கே வந்த கதையும் உண்டு. பேரரசி ஜிங்கு கொரியப் படையெடுப்பு முடிந்து திரும்பும்போது கப்பல் நகரவில்லை. குறி கேட்டதில், "நான் இக்குத்தாவில் இருக்க விரும்புகிறேன்" என்று இவள் சொன்னாளாம். கோயில் மரபு அதை 201ஆம் ஆண்டு என்று கணக்கிடுகிறது. இது புராணம். முதலில் இருந்த இடம் இப்போதைய கோயிலும் அல்ல. ஷின்-கோபே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் சிறு மலை. 799இல் பெருவெள்ளம் வந்து மலை சரிந்தது. ஊர்க்காரர் ஒருவர் தெய்வத்தை முதுகில் சுமந்துகொண்டு இடம் தேடி அலைந்தாராம். எட்டாம் நாள் இந்தக் காட்டுக்கு வந்தபோது சுமை திடீரென்று கனத்து, மேலே ஒரு அடி வைக்க முடியவில்லை. அங்கேயே இறக்கி வைத்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த மலையில் பைன் மரங்கள் நிறைய இருந்தும் அவை மண்ணைப் பிடித்து நிறுத்தவில்லை, கோயிலைக் காப்பாற்றவில்லை. அதனால் அன்றிலிருந்து இங்கே பைனுக்கு இடம் கிடையாது. ஜப்பான் முழுக்கப் புத்தாண்டுக்கு வாசலில் பைன் கொத்து வைப்பார்கள், இங்கேயோ சுகி என்ற ஜப்பானிய சீடர் மரத்தின் கிளைகளைக் குவித்து வைக்கிறார்கள். நோ நாடக மேடை என்றால் பின்சுவரில் பைன்தான் வரைந்திருக்கும், இந்தக் கோயிலின் மேடையில் அதுவும் சுகி. 1200 வருடமாக ஒரு மரத்தின் மேல் வருத்தம்! வளாகம் முழுக்கச் சுற்றித் தேடினேன், என் கண்ணுக்கு ஒரு பைன்கூடத் தென்படவில்லை.

கோயிலுக்குப் பின்னால் இக்குத்தா காடு. ஒரு காலத்தில் பெரிய காடாம், இப்போது ஐந்து நிமிடத்தில் சுற்றிவிடலாம். 1184இல் கென்ஜி, ஹெய்கே என்ற இரண்டு குலங்களுக்கும் நடந்த போரில் இதுவும் ஒரு களம். கஜிவாரா ககெசுவே என்ற வீரன் பூத்த உமே (ஜப்பானிய பிளம்) கிளை ஒன்றை ஒடித்து அம்பறாத்தூணியில் செருகிக்கொண்டு சண்டை போட்டானாம்.

காட்டுக்குள் ஓடும் நீரில் குறி பார்க்கலாம். காசு கொடுத்தால் வெற்றுத் தாள் ஒன்று தருகிறார்கள். தண்ணீரில் போட்டால் எழுத்து மெல்ல மேலே வருகிறது. அம்மாவின் தாளில் வந்ததை மகள் படித்தாள்: சிறிய நன்மை. பயணம் பற்றி, "அவசரப்படாதே." அம்மா அதை ஈரத்தோடு மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

முன்மண்டபத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். எண்பது வயதிருக்கும். தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். இதே மண்டபம்தான், ஆனால் தூண்களே இல்லை. கூரை அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தது. 1995 ஜனவரி 17, காலை 5.46. 7.3 அளவு நிலநடுக்கம், 6,434 பேர் இறந்தார்கள். பெரியவர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்: "என் வீடு போய்விட்டது. சில நாள் கழித்து இங்கே வந்து பார்த்தேன். தெய்வத்துக்கும் வீடு இல்லை. நமக்கு மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தேன்."

1938 வெள்ளத்தில் சேதம், 1945 குண்டுவீச்சில் எரிந்தது, 1995இல் சரிந்தது. 1996இலேயே மண்டபத்தை நிலநடுக்கம் தாங்கும்படி எழுப்பிவிட்டார்கள். பெரியவர் எங்கள் மூவருக்கும் தனித்தனியாகக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகள் ஒசாகாவுக்குத் திரும்பினாள். போகும் முன் இன்னொன்று சொன்னாள், அதை யோசித்துக்கொண்டு வெகு நேரம் தூங்காமல் கிடந்தேன். 806இல் இந்தக் கோயிலின் பராமரிப்புக்கு 44 வீடுகளை ஒதுக்கினார்கள். அந்த வீடுகள் கட்டும் வரியும் அவர்களின் உழைப்பும் அரசுக்கு அல்ல, கோயிலுக்கு. நம் கல்வெட்டுகளில் தேவதானம் என்று நிலத்தை விட்டது போல, இங்கே குடிகளை விட்டார்கள். அந்தக் குடிகளுக்குப் பெயர் கன்பே, தெய்வத்தின் வீடுகள். அதுதான் திரிந்து திரிந்து கோபே ஆயிற்று. இன்று சுமார் 15 லட்சம் பேர் வாழும் ஊர். மன்னன் பெயரும் இல்லை, போரில் வென்றவன் பெயரும் இல்லை. விளக்கேற்றி, நெல் கொடுத்து, கூட்டிப் பெருக்கிய 44 வீட்டுக்காரர்களின் பெயரைத்தான் இந்த ஊர் சுமந்துகொண்டிருக்கிறது.

பிப்ரவரி 3, செட்சுபுன்

இன்று குளிர்காலத்தின் கடைசி நாள் என்று கணக்கு. கெட்டதை விரட்டப் பயறு எறியும் நாள். கோபேக்காரர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. இக்குத்தாவைச் சுற்றி ஒன்று முதல் எட்டு வரை எண்ணையே பெயராகக் கொண்ட எட்டுக் கோயில்கள். இச்சினோமியா என்றால் முதல் கோயில், நினோமியா இரண்டாவது, சன்னோமியா மூன்றாவது. ஊரின் பெரிய ஸ்டேஷனுக்குப் பெயர் வந்ததே அந்த மூன்றாவது கோயிலால்தான். செட்சுபுனுக்கு எட்டையும் சுற்றினால் தோஷம் கழியும் என்பார்கள்.

அம்மா சுற்றியே தீருவது என்று நின்றார். முழங்காலை நினைத்து எனக்குத்தான் பயம். "சீட்டுலயே அவசரப்படாதன்னு போட்டிருக்குது, மெதுவாப் போலாம்" என்றார். சரி, இன்று நான்கு, நாளை நான்கு என்று பிரித்துக்கொண்டோம்.

ஒன்றாவதும் இரண்டாவதும் வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சின்னக் கோயில்கள். நம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் போல, போகிற வருகிறவர்கள் நின்று கும்பிட்டுப் போகிறார்கள். கையில் ஏடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோயிலிலும் முத்திரை வாங்கும் கூட்டம் எங்களோடு நடந்தது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் எங்கேயோ அம்மாவின் மப்ளர் விழுந்துவிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தால், ஒரு வீட்டின் கம்பி வேலியில், காற்றில் பறக்காதபடி ஒரு முடிச்சுப் போட்டு, தெருவைப் பார்த்தபடி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அம்மா அந்த முடிச்சை அவிழ்க்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார். "எவ்வளவு பதனமாக் கட்டிருக்காங்க பாரு."

மூன்றாவது கோயில் பெரிய துணிக்கடை ஒன்றை ஒட்டி இருக்கிறது. வாசலில் பழைய பீரங்கி. 1868 பிப்ரவரி 4, நாளை அதே தேதி, இந்தக் கோயில் அருகே பிசென் என்ற ஜப்பானியச் சிற்றரசின் படை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. பிரெஞ்சு மாலுமிகள் வரிசையைக் குறுக்கே கடக்கப் போக, ஈட்டிக் காயம், துப்பாக்கிச் சூடு. வெளிநாட்டுப் படைகள் கோபேயின் நடுப்பகுதியையே பிடித்துக்கொண்டன. பிசென் படையின் தலைவர்களில் ஒருவரான தகி சென்சாபுரோ பொறுப்பை ஏற்று, ஒரு மாதத்துக்குள், வெளிநாட்டுப் பிரதிநிதிகள் பார்க்கத் தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். துறைமுகம் திறந்து இரண்டு மாதம்கூட ஆகாத காலம். ஒரு மனிதனின் உயிரைக் கொடுத்து ஜப்பானின் புதிய அரசு போரைத் தவிர்த்துக்கொண்டது. எனக்கு அந்த இடத்தில் மனம் சரியாக இல்லை, சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

நான்காவது மலைப்பக்கம். மகள் போனில் சொல்லியிருந்தாள், இங்கே இருப்பவள் இச்சிகிஷிமாஹிமே என்று. பழைய காலத்திலேயே அவளையும் பென்சைதெனையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பென்சைதென் யார் தெரியுமா? நம் சரஸ்வதிதான். இந்தியாவிலிருந்து புத்த சமயத்தோடு சீனா வழியாக நடந்து, வீணைக்குப் பதில் பீவா என்ற வாத்தியத்தோடு இங்கே வந்து சேர்ந்தவள். பாட்டும் ஆட்டமும் கற்பவர்கள் அவளிடம் வேண்டிக்கொள்வார்கள். அம்மாவிடம் சொன்னதும் முகம் மலர்ந்தது. "இத்தன தூரம் வந்திருக்கிறாளா!" என்று கேட்டுவிட்டு, காசுப் பெட்டியில் ஐந்து யென்னுக்குப் பதில் நூறு யென் போட்டார்.

மத்தியானம் இக்குத்தாவில் பயறு எறிந்தார்கள். சரியான கூட்டம். மேடையிலிருந்து பொட்டலம் பொட்டலமாக எறிய, எல்லோரும் கை நீட்டிப் பிடித்தார்கள். அம்மாவை ஓரமாக நிறுத்தியிருந்தேன், எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் இரண்டு பிடித்தவன், அம்மாவை ஒருமுறை பார்த்தான், ஒன்றைக் கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

இரவுச் சாப்பாடு எஹோமகி. செட்சுபுன் அன்று முழு நீளச் சுஷி உருளையை வெட்டாமல், அந்த வருடத்தின் நல்ல திசையைப் பார்த்து, பேசாமல் சாப்பிட்டு முடிக்க வேண்டும். கடைகளில் 500 யென்னிலிருந்து அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றிலும் மீன் அல்லது முட்டை. கடைசியில் அம்மாவுக்கு வெள்ளரிக்காய் வைத்த சின்ன உருளைகள்தான் கிடைத்தன. விடுதி அறையில் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டோம். அம்மாவோடு அப்படி ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ.

அப்புறம் பயறு. வறுத்த சோயா, வயதுக்குத் தக்க எண்ணிச் சாப்பிட வேண்டும். வரும் வருடத்துக்காக ஒன்று கூட. அம்மா கைக்குட்டையை விரித்து, பாவு இழை எண்ணுகிற மாதிரி இரண்டிரண்டாக நகர்த்தி எண்ணினார். அந்தப் பையன் கொடுத்த பொட்டலத்தில் 40 கூட இல்லை. கீழே இறங்கிப் போய்ப் பக்கத்துக் கடையில் இன்னொரு பொட்டலம் வாங்கி வந்தேன். 72 எண்ணி முடிக்க அரை மணி நேரம். பல்லுக்குக் கடினம் என்று வெந்நீரில் போட்டு ஊறவைத்துத் தின்றார்.

பிப்ரவரி 4

காலையில் வெயில். காற்று மட்டும் நிற்கவில்லை.

ஐந்தாவது கோயில் ஹியோகோ பகுதியில், மேட்டில். டாக்சியில் போனோம், அம்மாவின் முழங்கால் நேற்றே வீங்கியிருந்தது. ஏழாவது கடலுக்குப் பக்கத்தில், லாரிகள் ஓடும் பெரிய சாலை ஓரம். இந்தப் பக்கம்தான் பழைய துறைமுகம். ஹெய்கே குலத்தின் கியோமோரி 12ஆம் நூற்றாண்டில் இங்கே துறைமுகத்தை எடுத்துக் கட்டினார். 1180இல் தலைநகரையே ஃபுகுஹாரா என்று இந்த ஊருக்குக் கொண்டுவந்தார். அரை வருடம்தான், திரும்பக் கியோட்டோவுக்கே போய்விட்டது. தலைநகர் வந்த தடம் போய்விட்டது, 44 வீட்டுப் பெயர் நிற்கிறது. இரண்டு நாளாக என் மனதில் ஓடியது இதுதான்.

கடைசி, ஆறும் எட்டும். இரண்டும் ஒரே இடம். மெய்ஜி காலத்தில் (1868–1912) ஆறாவதை எட்டாவதோடு சேர்த்துவிட்டார்கள். ஆக எட்டுச் சாமி, ஏழு கோயில். வாசலில் அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்த பூசாரி வெளியே வந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய், மடக்கு நாற்காலியும் ஒரு குவளை சுடு தேநீரும் கொண்டுவந்து வைத்தார். முத்திரைக்கு நான் 300 யென் கொடுத்தேன். தேநீருக்குக் காசு நீட்டியபோது இரண்டு கையையும் குறுக்காக வைத்து வேண்டாம் என்றார்.

ஒசாகா ரயிலில் உட்கார்ந்ததும் அம்மா சுருக்குப் பையைத் திறந்து அந்தக் குறிச் சீட்டை எடுத்தார். நன்றாகக் காய்ந்திருந்தது. எழுத்து மறைந்து மறுபடி வெறும் தாள். எனக்கு ஐயோ என்றிருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நனைச்சா மறுபடி வருமல்ல" என்றார். அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.